பீரங்கியும் இயற்பியலும்: நாம் சறுக்கும் இடங்கள்

குழல் வெடிக்கிறதா, சுவரை இன்னும் தடிமனாக்கினால் போச்சு என்று நினைப்பதுதான் பீரங்கி விஷயத்தில் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெடிமருந்து எரிந்து வாயு உள்ளிருந்து தள்ளும்போது, சுவர் முழுவதும் அந்தப் பாரத்தைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. வெளி ஆரம் உள் ஆரத்தைப்போல 3 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் விளிம்பில் இருக்கும் இரும்பு, வெளி விளிம்பில் இருப்பதைவிட 5 மடங்கு தகைவை, அதாவது அதைப் பிய்க்கப் பார்க்கும் இழுவிசையை, தாங்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் எவ்வளவு இரும்பை அப்பினாலும் உள் விளிம்பின் தகைவு வாயுவின் அழுத்தத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது.

1844 பிப்ரவரி 28, அமெரிக்காவின் பொட்டோமாக் ஆறு. பிரின்ஸ்டன் என்ற போர்க்கப்பலில் இரண்டு பெரிய பீரங்கிகள் இருந்தன. ஒன்று ஜான் எரிக்சன் என்ற பொறியாளர் வடிவமைத்தது, அதன் அடிப்பகுதிக்கு இரும்பு வளையங்கள் மாட்டி இறுக்கியிருந்தார்கள். இன்னொன்று கேப்டன் ஸ்டாக்டன் செய்வித்தது. வளையம் கிடையாது, அடிப்பகுதியைத் தடிமனாக்கியதோடு சரி. விருந்தினர்கள் முன்னால் சுட்டுக் காட்டும்போது வெடித்தது அந்தத் தடித்த பீரங்கிதான். இரும்பைக் காய்ச்சி ஒட்டிய இடங்களும் பலவீனமாக இருந்தன. வெளியுறவு அமைச்சர், கடற்படை அமைச்சர் உட்பட 6 பேர் இறந்துபோனார்கள்.

வளையம் அப்படி என்ன செய்துவிடும்? மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்திருந்தால் சட்டென்று புரியும். பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால் பட்டா சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். பீரங்கியிலும் அதேதான்: சுடுவதற்கு முன்பே உள்குழல் நெருக்குண்டு கிடப்பதால், வாயுவின் அழுத்தம் முதலில் அந்த நெருக்கத்தைத் தீர்த்துவிட்டு அப்புறம்தான் இரும்பை இழுக்க ஆரம்பிக்கும். ராட்மன் என்ற அமெரிக்க அதிகாரி இதையே வார்ப்பில் சாதித்தார், குழலின் நடுவே தண்ணீரை ஓடவிட்டு உள்பக்கத்தை முதலில் உறைய வைத்து. தஞ்சாவூர் பீரங்கிமேட்டில் இருக்கிற ராஜகோபால பீரங்கியோ வார்த்ததில்லை. நீளவாக்கில் இரும்புப் பட்டைகளை அடுக்கி மேலே வளையங்களை ஏற்றிக் காய்ச்சி அடித்தது. அடுத்த முறை போனால் அந்த வளையங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

மருந்தைக் கூட்டினால் தூரம் கூடும் என்பதும் பாதிதான் சரி. பொடியாக இருந்தால் மொத்தமும் ஒரே நொடியில் எரிந்து, குண்டு நகரத் தொடங்கும் முன்பே அழுத்தம் உச்சிக்குப் போய்விடும். பெரிய கட்டிகளாக, துளையிட்டுச் செய்தால் நிதானமாக எரிந்து குழலின் நீளம் முழுக்கத் தள்ளிக்கொண்டே வரும். நீளக் குழலுக்குப் பலன் கிடைப்பது அப்போதுதான்.

அடுத்தது பரவளையம், அதாவது காற்றே இல்லாவிட்டால் குண்டு போகும் வளைவுப் பாதை. கலிலியோ 1638-இல் சொன்னதை அப்படியே போட்டுக் கணக்குப் பண்ணினால், நொடிக்கு 1700 அடி வேகத்தில் கிளம்பும் துப்பாக்கிக் குண்டு 45 பாகையில் சுமார் 27 கிலோமீட்டர் போக வேண்டும். நிஜத்தில் அது ஒரு கிலோமீட்டரைத் தொடுவதே கஷ்டம். காரணம் காற்றுத்தடை. அதை அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். கனமான ஊசலில் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கண்டுபிடித்தார். 1742-இல் வெளிவந்த அவர் புத்தகத்தைக் கணித மேதை ஆய்லரே ஜெர்மனில் பெயர்த்து விளக்கமும் எழுதினார் என்றால் அதன் கனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 45 பாகைதான் எப்போதும் உச்ச வீச்சு என்று மனப்பாடம் செய்யாதீர்கள். 1918-இல் பாரிஸ் நகரைச் சுமார் 120 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தாக்கிய ஜெர்மன் பீரங்கியை ஏறக்குறைய 50 பாகையில் நிமிர்த்தினார்கள். குண்டு சீக்கிரமே மெல்லிய காற்றுக்குள் ஏறிவிட வேண்டும் என்பதற்காக.

கடைசியாக ஒன்று. இயற்பியல் சொல்லிக்கொடுத்தது, பீரங்கி கேட்டுக்கொண்டது என்று ஒரே திசையில் கதை எழுதாதீர்கள். 1798-இல் ரம்ஃபோர்டு என்ற விஞ்ஞானி வெளியிட்ட சோதனை மியூனிக் ஆயுதச்சாலையில் பீரங்கி துளைபோட்டதில் பிறந்தது. வெப்பம் என்பது ஏதோ ஒரு திரவம் என்று நம்பிய காலம் அது. அவர் மழுங்கிய துளைக்கருவியைக் குதிரைகளை வைத்துச் சுற்றவிட்டு, குழலைத் தண்ணீருக்குள் வைத்தார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல், உராய்வின் சூட்டிலேயே தண்ணீர் கொதித்தது.