பைக் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் மாற்ற வேண்டியதா? ஒரு ஸ்டீல் ஸ்கேலில் தெரிந்துவிடும்

சேலத்திலிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக அடிக்கடி ஏற்காடு ஏறி இறங்குகிற வண்டிகளுக்குச் செயின் சீக்கிரமே தேயும். 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுத் திரும்பக் கொடுக்கிறோம். கொடுக்கும்போது செயினின் மேல்பக்கம் விறைக்கிறது. இறக்கத்தில் கியரிலேயே விட்டு இறங்கும்போது கீழ்ப்பக்கம் விறைக்கிறது. இப்படி மாறி மாறி வெடுக்கென்று இழுபடுகிறது. மழைக்காலத்தில் எஸ்டேட் மண் பாதையில் போனால் செம்மண் சேறும் சேர்ந்துகொள்ளும். அதனால் "15,000 கிலோமீட்டர் வரும், 20,000 வரும்" என்ற கணக்கை வைத்து நான் செயின் மாற்றுவதில்லை. அளந்து பார்த்துத்தான் மாற்றுகிறேன்.

தேவையானவை: 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், சாக்பீஸ், மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், துணி. தையல் டேப் வேண்டாம், அது வளையும். வெர்னியர் வாங்கச் சொல்வார்கள். இந்த வேலைக்கு அது தேவையில்லை.

1. துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். இன்ஜினை அணைத்து, சாவியைக் கழற்றிப் பாக்கெட்டில் வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் சக்கரத்தைச் சுற்றவிட்டுச் செயின் துடைக்கிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். துணியோடு சேர்த்து விரலையும் ஸ்ப்ராக்கெட் (செயின் ஏறி ஓடும் பல் சக்கரம்) இழுத்துவிடும். நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் செயினைத் தேய்த்துத் துணியால் துடைத்தாலே போதும்.

2. 20 லிங்க் நீளத்தை அளப்பது

முக்கியமான வேலை இதுதான். செயினின் பக்கத் தகட்டில் 428 அல்லது 520 என்று அளவு எண் அச்சிட்டிருக்கும். 100 முதல் 150 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 428தான். அதில் ஒரு ரிவெட் தலையின் (தகட்டில் வட்டமாகத் தெரியும் பின்னின் முனை) நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை, புதிதாக இருக்கும்போது, 12.7 மி.மீ. இப்படி 20 இடைவெளி சேர்ந்தால் 254 மி.மீ. ஓடஓட உள்ளே இருக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூடும். மொத்தம் 259 மி.மீ.யைத் தொட்டுவிட்டால், அதாவது 2 சதவீதம் கூடிவிட்டால், மாற்றிவிட வேண்டியதுதான்.

அளக்கும்போது செயின் விறைப்பாக இருக்க வேண்டும். முதல் கியரில் போட்டு, பின் சக்கரத்தை வண்டி முன்னே போகிற திசையில் கையால் அழுத்திப் பிடியுங்கள். கீழ்ப்பக்கச் செயின் நேராகும். பிடிக்க இன்னொருவர் இருந்தால் நல்லது.

இப்போது எண்ணிக்கை. எல்லாரும் தடுமாறுகிற இடம் இது. எனக்கும் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. 20 இடைவெளிக்கு 21 ரிவெட் தலை வேண்டும். முதல் தலையை "ஒன்று" என்று தொடங்கி "இருபது" வந்ததும் நிறுத்தினால் உங்கள் கையில் இருப்பது 19 இடைவெளிதான். 241 சொச்சம் வரும். மாற்ற வேண்டிய அளவுக்குத் தேய்ந்த செயினாகவே இருந்தாலும் 246 சொச்சம்தான் வரும். "254கூட இல்லையே, செயின் அருமையாக இருக்கிறது" என்று நம்பி மலை ஏறிவிடுவோம். ஆகவே முதல் தலையில் சாக்பீஸால் கோடு போட்டு அதைப் "பூஜ்யம்" என்று சொல்லுங்கள். அடுத்தது ஒன்று. இருபது என்று சொல்லும் தலையில் இன்னொரு கோடு. இப்போது ஸ்கேலை வையுங்கள். நடுவைக் குறிபார்ப்பது சிரமமாக இருந்தால், இந்தத் தலையின் இடது ஓரத்திலிருந்து அந்தத் தலையின் இடது ஓரம் வரை அளக்கலாம். அதே அளவுதான் வரும். 254ஐ விடக் குறைவாக வந்தால் எண்ணியதில்தான் பிழை.

சக்கரத்தைத் திருப்பித் திருப்பி, செயினின் மூன்று நான்கு இடங்களில் அளந்து, அதிகமாக வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். 520 செயினில் ஒரு இடைவெளி 15.875 மி.மீ., புதிதில் 20க்கு 317.5, அதற்கு 30 செ.மீ. ஸ்கேல் எட்டாது. ஓ-ரிங் (மூட்டுகளில் ரப்பர் வளையம்) வைத்த செயினுக்கு வரம்பு இன்னும் குறைவு, வண்டிக் கையேட்டில் இருக்கும்.

3. தொய்வும் இறுக்கமும்

கீழ்ப்பக்கச் செயினின் நடுவை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். சாதாரண வண்டிகளில் பெரும்பாலும் 20–30 மி.மீ. ஆட்டம் சொல்லியிருப்பார்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் இதையே செய்யுங்கள். ஒரு இடத்தில் தொளதொளவென்றும் இன்னொரு இடத்தில் விறைப்பாகவும் இருந்தால் செயின் சமமில்லாமல் தேய்ந்திருக்கிறது. அதை அட்ஜஸ்ட் செய்து சரிக்கட்ட முடியாது. தொய்வான இடத்தைப் பார்த்து இறுக்கினால், இறுக்கமான இடம் சுற்றி வரும்போது கியர்பாக்ஸ் பேரிங்கில் சுமை ஏறும்.

4. ஸ்ப்ராக்கெட்டைப் பார்ப்பது

பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் தெரிந்தால் போச்சு.

பல பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். முன் ஸ்ப்ராக்கெட் கவரையும் கழற்றுங்கள், இரண்டு மூன்று போல்ட்தான். முன்னே 14 பல், பின்னே 42 பல் என்று வைத்துக்கொண்டால், முன் பல் ஒவ்வொன்றும் மூன்று மடங்கு அதிக முறை செயினைச் சந்திக்கிறது. அதனால் அதுதான் முதலில் தேயும். அப்பியிருக்கும் கருப்பு அழுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பாருங்கள். நல்ல பல்லின் இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுறா மீனின் துடுப்பு மாதிரி கூர்ந்திருக்கும்.

5. மாற்றுவதென்றால் மூன்றையும்

செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றும் சேர்ந்த கிட்டாகவே வாங்குங்கள். கம்பெனி கிட் அல்லது கோயம்புத்தூர் ரோலான்; வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கும் லாக் லிங்க் மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். முதல் 500 கி.மீ.க்குள் ஒருமுறை தொய்வைப் பாருங்கள். எண்ணெய்க்கு 90 நம்பர் கியர் ஆயில், ஓடிவந்து செயின் சூடாக இருக்கும்போது. இன்ஜினிலிருந்து வடித்த கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் சிலர் கேட்டவை.

முழுக் கவர் போட்ட வண்டியில் எப்படி? கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதன் வழியாகத் தொய்வை மட்டும் பார்க்கலாம். அளக்க வேண்டுமென்றால் கவரைக் கழற்றியே ஆக வேண்டும்.

அளவு சரியாக இருக்கிறது, ஆனாலும் வளைவில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் "டக்" என்று உதைக்கிறது என்றார் ஒருவர். பின் ஹப்பில் இருக்கும் டேம்பர் ரப்பரைப் பாருங்கள் என்றேன். அதுதான் நசுங்கியிருந்தது.

செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் கடைசி வரை போய்விட்டது, ஒரு லிங்கை வெட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக் என்றார் இன்னொருவர். ஒத்துக்கொள்ளாதீர்கள். வெட்டினால் நீளம் குறையும்; மீதி மூட்டுகளின் தேய்மானம் அப்படியே இருக்கும். அந்தச் செயின் பல்லின் மேலேறி ஓடும். கழன்று முன் ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். மலை இறக்கத்தில் அப்படி ஆகக் கூடாது. அட்ஜஸ்டர் முடிந்துவிட்டதென்றால் கிட்டையே மாற்றிவிடுங்கள்.