வரலாற்றுப் பரீட்சை நடத்துவதும் திருத்துவதும்: புது ஆசிரியர்களுக்கு

மலையகத்துப் பாடசாலைகளுக்கு வரலாறு படிப்பிக்க வரும் புது ஆசிரியர்களுக்கு, பாடம் எடுப்பது பற்றிச் சொல்லித் தர ஆள் இருக்கும். ஆண்டிறுதிப் பரீட்சையை எப்படி நடத்துவது, கட்டுக் கட்டாக வந்து சேரும் விடைத்தாளை எப்படித் திருத்துவது என்பதற்குத்தான் ஆள் குறைவு. தரம் 11இல் வரும் உலக வரலாற்றுப் பகுதியை, அதாவது கைத்தொழிற் புரட்சி முதல் இரண்டாம் உலகப் போர் வரையானதை, உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

1. புள்ளித்திட்டத்தை முதலில் எழுதுங்கள்

வினாத்தாள் தயாரித்த அன்றைக்கே விடைகளையும், எதற்கு எத்தனை புள்ளி என்பதையும் எழுதிவிடுங்கள். அதுதான் புள்ளித்திட்டம். எழுதும்போதுதான் எந்த வினா ஓட்டை என்று தெரியும். ‘போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றிய மாதம் எது?’ என்று கேட்டிருக்கிறீர்களா? ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி அது 1917 ஒக்டோபர் 25, புதிய நாட்காட்டிப்படி நவம்பர் 7. இரண்டுமே சரி. ‘இரண்டாம் உலகப் போர் முடிந்த திகதி’ என்பதும் அப்படித்தான். ஐரோப்பாவில் 1945 மே 8, ஜப்பான் சரணடைவில் கையெழுத்திட்டது செப்டெம்பர் 2. வினாவைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் இரண்டு விடையையும் திட்டத்தில் சேருங்கள்.

உலகப் படத்தைப் போட்டோகொப்பி எடுத்தபின் ஒரு பிரதியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கரையோரக் கோடு கறுத்துப் போய் ஜப்பான் ஒரு மைப்பொட்டாகத் தெரிந்தால், ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் ஒரே படத்தில் குறிக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒன்று போதும்.

2. பரீட்சை நாள்

தேயிலைத் தோட்டங்களின் தூரத்து டிவிஷன்களிலிருந்து (பிரிவுகளிலிருந்து) நடந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் காலையில் மூடுபனி இறங்கினால் பஸ்ஸும் சொன்ன நேரத்துக்கு வராது. அதிபரிடம் பேசி, தொடக்க நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். தகரக் கூரையில் மழை பிடித்துவிட்டால் நீங்கள் கத்திச் சொல்வது முதல் வரிசைக்கே கேட்காது. வினாத்தாளில் பிழைதிருத்தம் ஏதும் இருந்தால் அதையும் எல்லா வகுப்பறையிலும் பலகையில் எழுத வேண்டும். ஒரு வகுப்புக்குச் சொல்லி மற்ற வகுப்பை விட்டுவிடக் கூடாது.

தரம் 10, 11 பிள்ளைகளை மாற்றி மாற்றி உட்கார வைத்தால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதும் தொல்லை பாதி குறையும். முடிந்ததும் சுட்டெண் வரிசையில் அடுக்கி, எண்ணிப் பார்த்த பிறகே பிள்ளைகளை வெளியே விடுங்கள்.

3. பல்தேர்வு

விடைத்தாளில் ஒன்றை எடுத்து, சரியான இடங்களில் மட்டும் துளை போட்டு அச்சு அட்டை செய்துகொண்டால் 40 வினாவையும் சீக்கிரம் திருத்திவிடலாம். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. ஒரே வினாவுக்கு இரண்டு புள்ளடி போட்ட பிள்ளைக்கும் துளை வழியே சரியான புள்ளடிதான் தெரியும். ஆகவே அட்டையை வைக்கும் முன் தாளை ஒருமுறை மேலிருந்து கீழ் பார்த்து, இரட்டைப் புள்ளடி விழுந்த வரிகளைச் சிவப்புக் கோட்டால் வெட்டிவிடுங்கள். அப்புறம் அட்டையை வையுங்கள்.

4. கட்டுரை வினாக்கள்

நேரமும் பொறுமையும் போவது இங்கேதான். உடனே திருத்தத் தொடங்காதீர்கள். கட்டின் நடுவிலிருந்து ஐந்தாறு தாள்களை உருவி வாசியுங்கள். நீங்கள் நினைக்காத சரியான விடை ஒன்று கட்டாயம் இருக்கும். கைத்தொழிற் புரட்சியின் விளைவுக்கு ஒரு பிள்ளை, ‘1867இல் கண்டிக்கு ரயில் வந்தது, கோப்பியைத் துறைமுகத்துக்கு ஏற்றினார்கள்’ என்று எழுதலாம். பாடப்புத்தகம் அந்த இடத்தில் இங்கிலாந்தைப் பற்றிப் பேசினாலும் இது விளைவுதானே? திட்டத்தில் சேருங்கள். ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த முன்வாசிப்பு.

பிறகு, ஆளாளாகத் திருத்தாமல் வினா வினாவாகத் திருத்துங்கள். எல்லாத் தாளிலும் முதலாம் வினா, பிறகு இரண்டாம் வினா. ‘கெட்டிக்காரப் பிள்ளை’ என்ற எண்ணம் அடுத்த விடைக்குத் தொற்றாது.

புள்ளியை உடைத்துக் கொடுப்பது எப்படி? ‘பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள் மூன்றைக் குறிப்பிட்டு, ஒன்றை விளக்குக’ என்பதற்கு 6 புள்ளி என்று வைப்போம். காரணத்துக்கு ஒன்று வீதம் 3: வரிச்சுமை, அரசின் கடன், 1788 விளைச்சல் பாழானதும் ஏறிய பாண் விலை, ரூசோ, வொல்டேயர் போன்றோரின் சிந்தனை, இவற்றில் எந்த மூன்றும். மிச்சம் 3 விளக்கத்துக்கு. வரியைப் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பாரே (குருமாரும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்கள்) சுமந்தார்கள் என்றால் 1, குருமாரும் பிரபுக்களும் பல வரிகளிலிருந்து தப்பினார்கள் என்றால் 1, அந்த ஆத்திரம் 1789 ஜூனில் தேசிய மன்றத்தை அமைப்பதில் போய் முடிந்தது என்று தொடுத்தால் இன்னொன்று. இப்போது ஒரு பிள்ளை எழுதுகிறது: ‘மக்கள் பசியில் இருந்தார்கள், ராணி கேக் சாப்பிடச் சொன்னா.’ பசிக்கு 1 கொடுங்கள். மேரி அன்டொய்னெட் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, அதனால் கேக்குக்குப் புள்ளியும் இல்லை, தண்டனையும் இல்லை.

எழுத்துப் பிழைக்குப் புள்ளி வெட்டுவதை நான் ஏற்பதில்லை. ‘வேர்சேல்ஸ்’ என்றோ ‘வெர்சாய்’ என்றோ எழுதட்டும், 1919 உடன்படிக்கையைச் சொல்கிறது என்று புரிந்தால் போதும்.

5. கூட்டலும் பதிவும்

அரைப் புள்ளியை ஒவ்வொரு வினாவிலும் முழுதாக்காமல் கடைசி மொத்தத்தில் மட்டும் முழுதாக்குங்கள். கூட்டலை இன்னொரு ஆசிரியர் வேறு நிறப் பேனையால் சரிபார்க்கட்டும். உட்பக்கத்துப் புள்ளியை முன்பக்கக் கட்டத்துக்கு மாற்றி எழுதும்போதுதான் அதிகம் தவறும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக் கணக்கில் குறைந்தது 75க்கு ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ். ஆகவே 34, 49, 64, 74 எடுத்த தாள்களைத் தனியே எடுத்து, பட்டியல் போகும் முன் மறுபடி பாருங்கள். பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு 0 போடாமல் ‘வரவில்லை’ என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் வகுப்புச் சராசரி பிழைக்கும்.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் பாடவேளையில் புள்ளித்திட்டத்தைப் பலகையில் எழுதிவிடுங்கள். ‘சேர், எனக்கு ரெண்டு குறையுது’ என்று வரும் பிள்ளையை அந்த இடத்திலேயே கூட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது சொல்வது சரியாக இருந்தால், பதிவேட்டையும் அன்றே திருத்திக் கையெழுத்து வையுங்கள்.