கௌதாரி காட்டுவதாகச் சொன்ன சித்தப்பா: ஊர்ப் பறவைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இந்த ஓகஸ்டில் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையோடு 16 நாட்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் நிற்பதற்கென்று லண்டனிலிருந்து புறப்பட்டு, அவற்றில் 5 நாட்களைக் கொழும்பில் ஓர் அலுவலகத்து வாங்கில் உட்கார்ந்து கழித்துவிட்டு வந்தவன் எழுதும் குறிப்பு இது. வீட்டு வளவிலும் கோடிப்புறத்திலும் பிள்ளைகளுக்கு எந்தப் பறவைகளைக் காட்டலாம் என்பதையும், "வாங்கோ, வேட்டைக்குப் போவம்" என்று அழைக்கும் உறவினருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுவதே நோக்கம். இரண்டாவது விடயம் சற்று நீண்டுவிட்டால் அந்த வாங்கை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலம். நம்மில் பெரும்பாலானோர் நல்லூர்த் திருவிழாவையும் பாடசாலை விடுமுறையையும் கணக்குப் பார்த்து ஓகஸ்டில்தான் போகிறோம். அது பறவை பார்ப்பதற்கு வளமான காலம் அன்று. சோளகம் புழுதியை வாரி இறைக்கும். குளங்கள் வற்றிக் கிடக்கும். வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் பெரும்பாலும் இன்னும் வந்திருக்கமாட்டா. ஒக்டோபர் வாக்கிலிருந்து வாடையோடும் மழையோடும் அவை திரளாக வரும். மார்ச் வரை நிற்கும். சுண்டிக்குளம், மன்னார் வங்காலை ஆகிய இடங்களின் ஆழமற்ற நீரில் பூநாரைக் கூட்டங்களைக் காண்பதற்கும் அந்த மாதங்களே உகந்தவை. வங்காலை 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஓகஸ்டில் போய்ப் பூநாரை இல்லையே என்று வாகனக்காரரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை.

ஓகஸ்டிலும் நமக்கு மிஞ்சுபவை வளவுப் பறவைகள். அவற்றுக்காக எங்கும் போகத் தேவையில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து கிணற்றடிக்கு வந்தாற் போதும். வேலியோரத்துச் சருகுகளைக் கிளறிக்கொண்டு ஆறேழாகத் திரியும் மண்ணிறக் குருவிகள் புலுனிகள். தமிழ்நாட்டில் இவற்றையே தவிட்டுக்குருவி என்பர். ஒன்று கத்தினால் எல்லாம் சேர்ந்து கத்தும். பூனையோ சாரைப்பாம்போ வந்ததை வீட்டாருக்கு முன்பே அவை அறிந்திருக்கும். இவற்றின் கூட்டில் சுடலைக்குயில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காகத்தின் கூட்டில் குயில் இடுவதைப் போல. செங்கட்டி நிறச் சிறகும் சிவந்த கண்ணுமாக, பறப்பதற்குச் சோம்பற்பட்டு நிலத்தில் நடந்து திரிவது செண்பகம். பூவரசங் கொப்புக்குள்ளிருந்து "புக், புக்" என்று கேட்கும் அதன் குரலை என் பிள்ளைகள் தண்ணீர் இறைக்கும் மோட்டர் என்று நினைத்தார்கள். இதன் இறைச்சி நெஞ்சு வருத்தங்களுக்கு மருந்து என்றொரு பழைய நம்பிக்கை உண்டு. அதைச் சொல்லிக்கொண்டு யாராவது கெற்றப்போலைக் கையில் எடுத்தால், ஆஸ்பத்திரி அருகில்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பனைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமது பறவைகளிற் பாதி பனையை நம்பி வாழ்பவை. மாலையில் வடலிகளுக்கு மேலே வில் வளைந்தாற்போன்ற சிறகுகளோடு ஓயாமற் சுற்றுவது பனை உழவாரன். ஓலையின் அடிப்புறத்தில் எச்சிலால் இறகுகளை ஒட்டிக் கூடு வைக்கும். ஓலையிலிருந்து தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். போர்க்காலத்தில் செல் விழுந்து தலை போன பனைகள் இன்னும் சில இடங்களில் மொட்டையாக நிற்கின்றன. அவற்றின் பொந்துகளிற் கிளிகள் குடியிருக்கின்றன. கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட அதே கிளிதான் 1970களிலிருந்து லண்டனின் பூங்காக்களிலும் பெருகி, இன்று எங்கள் வீட்டுத் தோட்டத்து மரத்தில் வந்து கத்துகிறது. அங்கே அதற்கு வந்தேறி என்று பெயர். கிளியைப் பார்க்க 8,700 கிலோமீற்றர் பறக்க வேண்டுமா என்று என் மகள் கேட்டாள். அது நியாயமான கேள்வி என்பதால் நான் பதில் சொல்லவில்லை.

இனி வேட்டை. சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இலங்கையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில விதிவிலக்குகள் தவிர ஏனைய எல்லாக் காட்டுப் பறவைகளையும் பாதுகாக்கின்றன. கௌதாரி, காடை, கொக்கு, மணிப்புறா என்று நம் அப்பாமார் ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்துக் கொண்டுவந்தவை எல்லாம் இன்று அடிக்கக்கூடாதவை. துவக்கு வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டமும் அனுமதிப்பத்திரமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து போன விருந்தாளி இரவல் துவக்கோடு பற்றைக்குள் நின்று பிடிபட்டால், மாட்டிக்கொள்பவர் விருந்தாளி மட்டுமல்லர், துவக்கைக் கொடுத்தவரும்தான். காட்டிறைச்சியும் இறைச்சி வத்தலும் அன்போடு பரிமாறப்படும் வீடுகள் உண்டு. மறுப்பது சங்கடமான காரியம். சைவம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நான் கண்ட ஒரே வழி; ஆனால் பிறகு கணவாய்க் கறியை ஆசையோடு பார்க்கக்கூடாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் மாட்டிக்கொண்ட கதை இது. சித்தப்பாவிடம் ஒரு காலத்தில் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு இருந்தது. 1980களின் நடுவில் இயக்கப் பொடியள் வந்து அதை வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பின் அவர் துவக்குத் தொட்டதில்லை. இந்த ஆண்டு, பக்கத்து வளவுக்காரர் குரங்கு துரத்துவதற்கென்று ஒரு காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பதைப் பார்த்த பிறகு, அதில் பூட்டுகிற குறிபார்க்கும் கண்ணாடி ஒன்றை லண்டனிலிருந்து கொண்டுவரும்படி ஆனி மாதம் முழுவதும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். முடியாது என்று மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை அவர், "நான் துவக்கே கேட்டனான் தம்பி? கண்ணாடிதானே. உன்ரை பெடியனுக்குக் கௌதாரி காட்டவேண்டாமோ?" என்றார். 1989இல் நான் புறப்படுவதற்குச் சித்தியின் காப்பை ஈடுவைத்தவர் அவர். அதை அவர் ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை, அன்றும் சொல்லவில்லை. நான் கண்ணாடியை வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

வந்திறங்கிய இடத்துச் சோதனை மேசையில் அது அகப்பட்டது. கண்ணாடி என்று நான் சொன்னதை, துவக்கின் உறுப்பு என்று அவர்கள் எழுதினார்கள். ஒரு துண்டைக் கையில் தந்து, வேலை நாளில் கொழும்பிலுள்ள இன்ன அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேற்றிவிட்டு, ஒரு நாள் வேலைதானே என்று நான் பின்தங்கினேன்.

முதல் நாள், படிவத்தின் தமிழ்ப் பிரதி முடிந்துவிட்டது என்றும் சிங்களத்தில் நிரப்பலாம் என்றும் சொன்னார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நின்றதில் பிற்பகல் போனது; கடைசியில் ஆங்கிலப் பிரதி ஒன்று வேறொரு மாடியிலிருந்து வந்தது. (அப்படி மறுத்து நின்றது நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். எந்த அலுவலகமானாலும், வாசிக்க முடியாத வாக்குமூலத்தில் ஒப்பமிடாதீர்கள். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது.) இரண்டாம் நாள், பொருளைப் பெறப்போகிறவர் இன்ன முகவரியில் வசிப்பவர்தான் என்று கிராம அலுவலரின் கடிதம் வேண்டும் என்றார்கள். சித்தப்பா சைக்கிளிற் போய் அதை வாங்கி, பிரதேச செயலகத்தில் முத்திரை குத்தி, இரவு பஸ் நடத்துநரிடம் கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் நிக்கினிப் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. நாடே மூடிக் கிடந்தது. நாலாம் நாள் கடிதத்தைப் படித்த உத்தியோகத்தர், பெறுநரிடம் துவக்கு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றால் கண்ணாடி எதற்கு என்பது அடுத்த கேள்வி; இருக்கிறது என்றால் அனுமதிப்பத்திரம் எங்கே என்பது அதற்கடுத்தது. அயல்வீட்டுக்காரரின் காற்றுத் துப்பாக்கியைப் பற்றி வாய் திறந்தால், என் சோம்பலுக்கும் சித்தப்பாவின் ஆசைக்கும் சம்பந்தமில்லாத ஒரு மனிதர் வீட்டுக்கு ஜீப் போகும். பறவை பார்ப்பதற்கு என்று சொன்னேன். உத்தியோகத்தர் கண்ணாடிக்குள் இருந்த குறிச் சிலுவையை எனக்கே காட்டி, "எந்தப் பறவை?" என்று தமிழில் கேட்டார். நான்கு நாட்களில் அவர் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது.

ஐந்தாம் நாள், பொருளை உரிமை கோரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அது இப்போதும் ஏதோ ஓர் அலுமாரியில் இலக்கத்துண்டு கட்டியபடி இருக்கக்கூடும். ஆகவே துவக்கோ, துவக்கு போன்றதோ, துவக்கில் பூட்டுவதோ எதையும், யார் கேட்டாலும், யாருடைய காப்பை நினைத்தும் கொண்டுபோகாதீர்கள். பறவை பார்ப்பதற்கு 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீற்றர் முன்வில்லையும் கொண்ட சாதாரண இரட்டைக்குழல் தொலைநோக்கி தாராளமாகப் போதும். போகும்போது அதை ஊரிலேயே கொடுத்துவிட்டும் வரலாம்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, கண்ணாடி இல்லை என்றதற்குச் சித்தப்பா, "சொல்லாமக் கொண்டு வந்திருக்கலாமே" என்பதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அந்த ஐந்து நாட்களைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த சொற்பொழிவு வீணாயிற்று. இரவுச் சாப்பாட்டுக்குக் கௌதாரிக்குப் பதிலாக புறொய்லர் கோழி வந்தது.

ஆனால் நான் இல்லாத அந்த நாட்களில் அவர் என் மகனைத் தினமும் வெறுங்கையோடு வேட்டைக்குக் கூட்டிப்போயிருந்தார். மறுநாள் விடிய நானும் புறப்பட்டபோது, வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு வரும்படி மகன் எனக்குச் சொன்னான். மான் காற்றில் மணம் பிடிக்கும், பறவை உன் அசைவைத்தான் பிடிக்கும். ஆகவே காற்றைவிட நிழலைக் கவனி. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், நிழல் முன்னே போய் விழாதபடி பற்றையோடு ஒட்டி நட. நேராகப் போகாதே, வேறெங்கோ போகிறவனைப் போலச் சரிந்து போ. தண்ணீருக்குப் பறவையைத் தேடிப் போகாதே, முன்பே போய் உட்கார்ந்திரு. ஆட்காட்டி கத்திவிட்டால் அன்றைய வேட்டை முடிந்தது, வீட்டுக்குப் போ. அது வெறுந்தரையில் முட்டையிடுகிற பறவை, தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் உன் காலடிக்குப் பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம், மிதித்துவிடாதே. இவ்வளவையும் அவன் அரைகுறைத் தமிழில் ஒப்புவித்தான். வேட்டையின் அரிச்சுவடி இதுதான். சன்னத்தை விட்டுவிட்டால் பறவை பார்ப்பதன் அரிச்சுவடியும் இதுதான். அப்பாவிடமிருந்து எனக்கு வந்திருக்க வேண்டியது. அவர் சொல்லித் தந்தபோது நான் கடவுச்சீட்டுக்கு அலைந்துகொண்டிருந்தேன்.

கௌதாரியை மூன்றாம் நாள் கண்டோம். இலங்கையில் வடக்கு, வடமேற்கின் வறண்ட பகுதிகளிலேயே இருக்கும் பறவை அது. பற்றையடியில் நான்கு, சாம்பலும் மண்ணிறமுமாக, பறக்காமல் ஓடின. சித்தப்பாவுக்குக் கண்புரை, அவருக்கு அவை தெரியவில்லை. கூவியதைக் கேட்டு, ஆண் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கையைக் காட்டினார். மகன் தலையாட்டினான்.

இன்னும் சில. கிளாலி, முகமாலை, நாகர்கோவில் பக்கங்களில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைக் கண்டால், பறவை எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதையை விட்டு ஓரடி இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. நீண்ட வில்லை பூட்டிய கமராவை முகாம் வேலியின் பக்கம் திருப்பாதீர்கள். ட்ரோனுக்கு முன் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் பூநாரைக் கூட்டத்தின் மேல் பறக்கவிடுவது அவற்றின் சாப்பாட்டைத் தட்டிவிடுவதற்குச் சமம். பொந்திலிருந்து எடுத்த கிளிக்குஞ்சைப் பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கும் உறவினரிடம் கோபப்படலாம். நான் பட்டேன், பலனும் கிடைத்தது. மயிலிறகு, முட்டைக்கோது, காய்ந்த கூடு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். இன்னோர் அலுவலக வாங்குக்கு என்னிடம் வயதில்லை, உங்களிடமும் இருக்காது.

முடிந்தவர்கள் ஒருமுறையாவது மழைக்காலத்திற் போங்கள். ஒக்டோபர் வாக்கில் இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து சேரும்: பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, கட்டை வால். காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் இரட்டைச் சீழ்க்கையாகக் கூப்பிடும். மற்ற நேரமெல்லாம் மாமரத்தடிச் சருகுக்குள் கோழிக்குஞ்சு போல மேய்ந்து திரியும். போன கிழமை சித்தப்பா தொலைபேசி எடுத்தார். கோடிப்புறத்தில் அது வந்துவிட்டதாம். கேள் என்று தொலைபேசியை வெளியே நீட்டினார். எனக்கு அயல்வீட்டு மோட்டர்ச் சத்தந்தான் கேட்டது. கேட்டது என்று சொன்னேன்.