தென்னாப்பிரிக்காவில் மேற்படிப்பு: பிப்ரவரியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தென்னாப்பிரிக்காவில் கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. நம் ஊரில் மே, ஜூனில் தேர்வு முடிப்பவர்களுக்கு இது எரிச்சலாகத் தெரியும். ஆனால் காகித வேலைக்கு அந்த இடைவெளி முழுக்கத் தேவைப்படும். ஜோஹன்னஸ்பர்க்கில் படித்தவள் என்ற முறையில், எதை எப்போது செய்வது என்று சொல்கிறேன்.

மூன்றாண்டு பி.எஸ்சி., பி.ஏ. முடித்தவர்கள் எடுத்த எடுப்பில் மாஸ்டர்ஸைத் தேடாதீர்கள். அங்கே நடுவில் ‘ஆனர்ஸ்’ என்று தனியாக ஓராண்டுப் பட்டம் உண்டு. பாடமும் இருக்கும், சிறு ஆய்வும் இருக்கும், மூச்சுவிட நேரம் இருக்காது. அதன் பிறகுதான் மாஸ்டர்ஸ். நான்காண்டு பட்டமோ எம்.எஸ்சி.யோ வைத்திருந்தால் எந்தப் படியில் சேர்ப்பார்கள் என்பதைத் துறையிடமே கேட்டுவிடுங்கள்.

ஆய்வுப் படிப்பு என்றால் விண்ணப்பத்துக்கு முன்பே வழிகாட்டியைப் பிடிக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கும், பட்டம் முடிக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கு அரசு மானியம் தருகிறது. அதனால் நல்ல மாணவர் கிடைத்தால் அவர்களுக்கும் லாபம், தயங்காமல் எழுதலாம். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதிலிருந்து உங்களுக்கு எழுந்த கேள்வியைப் பத்து வரியில் அனுப்புங்கள்.

அடுத்து சான்றிதழ். அங்கே வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அமைப்பு சாக்வா (SAQA). உங்கள் பட்டம் உண்மையா என்று நம் பல்கலைக்கழகத்திடம் சரிபார்ப்பார்கள். நம் தேர்வுப் பிரிவுகள் பதில் போடும் வேகம் உங்களுக்கே தெரியும், ஆகவே இதை முதலில் தொடங்குங்கள். மருத்துவ அறிக்கைக்கு நேர்மாறு: விசா விண்ணப்பத்தின்போது ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பதால் அதைக் கடைசியில் எடுங்கள். காவல்துறைச் சான்று, பணம் இருப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றையும் கேட்பார்கள்.

பலர் தடுக்கி விழுவது மருத்துவக் காப்பீட்டில். டிராவல் இன்ஷூரன்ஸ் செல்லாது. அந்த நாட்டிலேயே பதிவான ‘மெடிக்கல் எய்ட்’ திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், பெரும்பாலும் ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்ட வேண்டும். இதையும் கல்விக் கட்டணத்தோடு சேர்த்தே அந்நாட்டு நாணயமான ராண்டில் கணக்குப் போடுங்கள். படிப்பு விசாவில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம்தான். ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பிக் கட்டணத்துக்குத் திட்டமிடாதீர்கள். இன்னொன்று: அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போய், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும்.

போய்ச் சேர்ந்ததும் சிம் வாங்க பாஸ்போர்ட்டோடு முகவரிச் சான்றும் தேவை. விடுதி அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், வங்கிக் கணக்குக்கும் உதவும். பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்ஸியில் முன்சீட்டில் உட்காராதீர்கள். பின்னாலிருந்து வரும் காசையெல்லாம் எண்ணி சில்லறை கொடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். கணக்கில் புலி என்றால் தாராளமாக உட்காருங்கள்.

மதிப்பெண்ணைப் பார்த்தும் பதற வேண்டாம். 50 வாங்கினால் தேர்ச்சி, 75 வாங்கினால் டிஸ்டிங்ஷன். 68 வாங்கியவரை அங்கே யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. வீட்டுக்குப் போன் பண்ணும்போது இதை முதலில் விளக்கிவிட்டு அப்புறம் மதிப்பெண்ணைச் சொல்லுங்கள்.

ஆப்பிரிக்கா என்றதும் பருத்திச் சட்டையாக அடுக்காதீர்கள். ஜோஹன்னஸ்பர்க் ஊட்டியைப் போல உயரத்தில் இல்லை என்றாலும் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர். ஜூன், ஜூலை இரவுகள் நடுங்க வைக்கும், பல வீடுகளில் ஹீட்டரும் இருக்காது. கனமான ஸ்வெட்டர் ஒன்று, அப்புறம் நம் ஏ.சி., கீசருக்குப் போடும் பெரிய மூன்று முனை பிளக் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று எடுத்துப் போங்கள். அந்த பிளக் அங்குள்ள சாக்கெட்டில் அப்படியே பொருந்தும்.