லாராவின் டி ஸ்மெட்டுக்குப் போகிறீர்களா?

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா பக்கம் போகிறவர்கள், தன் சிறுவயது வாழ்க்கையையே குழந்தைகளுக்கான கதைகளாக எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டர் வளர்ந்த டி ஸ்மெட் என்ற சிற்றூருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு இடங்களில் இருக்கின்றன. டிக்கெட்டும் தனித்தனி. 1879-80 குளிர்காலத்தில் லாராவின் குடும்பம் தங்கிய சர்வேயர் வீடும் (ரயில்பாதைக்கு நிலம் அளந்தவர்களின் வீடு), அப்பா சார்லஸ் 1887-இல் கட்டிய வீடும் ஊருக்குள். அவர் அரசிடம் பெற்று உழுத நிலம் ஊருக்கு வெளியே, தென்கிழக்கில்.

முதலில் நிலத்துக்குப் போங்கள். மனைவிக்கும் நான்கு பெண்களுக்குமாக அவர் நட்ட ஐந்து காட்டன்வுட் மரங்களில் சில இன்னும் நிற்கின்றன. அவற்றின் அடியில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். கண்ணுக்கெட்டியவரை புல்வெளி, ஓயாத காற்று. கதையில் படித்த தனிமை அப்போதுதான் உறைக்கும். பிள்ளைகளுக்குக் கூண்டு வண்டிச் சவாரியும் உண்டு.

கோடையில் போவதே நல்லது. நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

அப்புறம், கதைகளில் அப்பா வாசிக்கும் வயலினை இங்கே தேடாதீர்கள். அது மிசௌரி மாநிலத்தின் மேன்ஸ்ஃபீல்டில், லாரா பிற்காலத்தில் வாழ்ந்த பண்ணை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.