புலம்பெயர்ந்த குடும்பத்தைக் கதையா எழுதுறதெண்டா

இலங்கையில 1983 கலவரத்துக்குப் பிறகு கனடாவில, டொரொண்டோப் பக்கம் இருக்கிற ஸ்காபரோவுக்கு வந்த யாழ்ப்பாணக் குடும்பத்தைப் பற்றி எழுதப்போறீங்களெண்டா, "நான் ஆர்?" எண்டு பிள்ளையைப் புலம்ப விடாதேங்கோ, அது மனசில ஒட்டாது. வீட்டில ஆர் ஆருக்கு மொழிபெயர்க்கினம் எண்டு பாருங்கோ. ஊரில பள்ளிக்கூட மாஸ்டரா இருந்த அப்பா, ஃபாக்டரி நைட் ஷிப்ட் முடிச்சு டொக்டரிட்ட போறார், நித்திரை இல்லை, கண்ணை மூடினா ஷெல் சத்தம் எண்டுறார், பக்கத்தில இருக்கிற 12 வயசு மகள் நித்திரை இல்லை எண்டதை மட்டும் இங்கிலீசில சொல்லுறாள், அப்பாவுக்கும் அது விளங்குது, ஆனா ஒண்டும் கதைக்கேல்ல. இந்த சீனை ஆறுதலா எழுதுங்கோ. பனி, புட்டு, கோயில் திருவிழாவுக்கு ரெண்டு வரி காணும். அம்மாவைப் பழசுக்குள்ளயே பூட்டி வைக்காதேங்கோ, அவவும் பஸ் ரூட் பழகி, காசுச் சீட்டுப் பிடிச்சு, மாறிக்கொண்டுதான் இருக்கிறா.