குழந்தைகளின் சிறுநீரகப் பரிசோதனை: மாதிரி எடுப்பது முதல் அறிக்கையைப் படிப்பது வரை

காலையில் எழும்போது குழந்தையின் இமைகள் வீங்கியிருந்தாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, கட்டன் தேநீர் நிறத்தில் போனாலோ தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடலூரில் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கும் புதுச்சேரியில் ஜிப்மருக்கும் செல்லலாம்.

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. இரவு படுக்கும் முன் குழந்தையைச் சிறுநீர் கழிக்க வைத்துவிட்டு, காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில், தொடக்கத்தில் வருவதை விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். சில குழந்தைகளுக்குப் பகலில் ஓடியாடும்போது தீங்கில்லாத அளவில் புரதம் கசியும் என்பதால்தான் காலை மாதிரியை வலியுறுத்துகிறார்கள். நம் ஊர் வெயிலில் மாதிரி விரைவில் கெட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுப்பொருள். சிறுநீரில் உள்ள புரதத்தின் அளவைக் கிரியாட்டினின் அளவால் வகுத்தால் கிடைக்கும் புரத-கிரியாட்டினின் விகிதம், இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 0.2-க்குக் கீழே இருப்பது இயல்பு.

அடுத்தது இரத்தத்தில் கிரியாட்டினின். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை, ஆனால் முந்தைய இரவு கறிச்சாப்பாட்டைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் சமைத்த இறைச்சி இந்த அளவைத் தற்காலிகமாக உயர்த்தும்.

அதே நாளில் குழந்தையின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் படும்படி நிற்க வைத்து, சென்டிமீட்டரில் குறிக்க வேண்டும். பலர் விட்டுவிடும் இந்த அளவு இல்லாமல் கிரியாட்டினின் எண்ணுக்குச் சரியான பொருள் கிடைக்காது.

இனி கணக்கு. உயரத்தை 0.413-ஆல் பெருக்கி, கிரியாட்டினின் அளவால் (ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்) வகுத்தால், சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு கிடைக்கும்; இதை ஷ்வார்ட்ஸ் சூத்திரம் என்பார்கள். 110 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்குக் கிரியாட்டினின் 0.4 என்றால் விடை சுமார் 114. இரண்டு வயதுக்கு மேல் 90-ம் அதற்கு மேலும் இயல்பானவை. அதே குழந்தைக்கு 0.9 என்று வந்தால் விடை ஏறத்தாழ 50, அதாவது வடிகட்டும் திறன் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அறிக்கையின் ஓரத்தில் பெரியவர்களுக்கான 0.6 முதல் 1.2 வரை என்ற வரம்பு அச்சாகியிருந்தால், அந்த 0.9 இயல்பானதாகவே தோன்றும். கவலைக்குரியது இதுதான், அந்த வரம்பை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் உள்ள நாட்களில் கிரியாட்டினின் ஏறி இறங்கும் என்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது; அப்போது மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மறுபரிசோதனையை முடிந்தவரை அதே ஆய்வகத்தில் செய்து, ஒவ்வோர் அறிக்கையின் மேலும் அன்றைய உயரத்தையும் தேதியையும் எழுதிக் கோப்பில் வையுங்கள்.